ஆர்னெம்: எட்டாமல் போன கடைசிப் பாலம்

1944 செப்டம்பர் 17 அன்று நெதர்லாந்தில் தொடங்கிய ‘மார்க்கெட் கார்டன்’, அதுவரை உலகம் கண்டிராத அளவிலான வான்வழித் தாக்குதல். பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி வகுத்த திட்டம் அது. சுமார் 35,000 வீரர்கள் பாராசூட்டிலும் கிளைடரிலும் இறங்கி ஆற்றுப் பாலங்களைப் பிடித்துவைக்க வேண்டும். பெல்ஜிய எல்லையிலிருந்து டாங்கிப் படை ஒரே சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் முன்னேறி, ஆர்னெமில் ரைன் நதியைக் கடக்க வேண்டும். தெற்கே ஐந்தோவன், நைமேகன் பகுதிகளை அமெரிக்க டிவிஷன்கள் ஏற்றன. கடைசிப் பாலமான ஆர்னெம், பிரிட்டனின் 1ஆம் வான்வழி டிவிஷன் பொறுப்பு.

பாராசூட் வீரரிடம் கனரக ஆயுதம் கிடையாது. எதிரி சுதாரிப்பதற்குள் இலக்கைப் பிடிப்பதே அவருடைய பலம். ஆர்னெமில் அந்தப் பலம் விமானம் கிளம்பும் முன்பே பறிபோயிருந்தது. பாலத்தருகே விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருக்கும், தென்கரை நிலம் ஈரமானது என்று சொல்லி, இறங்குமிடத்தை மேற்கே 10 கிலோமீட்டருக்கும் அப்பால் குறித்தார்கள். விமானங்கள் நாளுக்கு ஒரு நடை மட்டுமே வந்தன. அதனால் முதல் நாள் இறங்கியவர்களில் கணிசமானோர், மறுநாள் வருவோருக்காக அந்தத் திடலையே காவல் காத்து நின்றனர். பாலத்தை நோக்கி நடந்தவை மூன்று பட்டாலியன்கள்தாம். ஆர்னெம் சுற்றுவட்டாரத்தில் இரண்டு ஜெர்மானிய எஸ்.எஸ். டாங்கி டிவிஷன்கள் ஓய்வில் இருந்தன. உளவு அதிகாரி பிரையன் அர்க்ஹார்ட் டாங்கிகளின் வான்படங்களைக் காட்டி எச்சரித்தார். அவரை மருத்துவ விடுப்பில் அனுப்பிவைத்தார்கள். மன்னிக்க முடியாத அலட்சியம் இது.

முதல் நாள் இரவு லெப்டினன்ட் கர்னல் ஜான் ஃபிராஸ்டின் ஆட்கள் மட்டும் பாலத்தின் வடமுனையை எட்டினர். அங்கே சேர்ந்தவர்கள் சுமார் 740 பேர். மரங்களும் கட்டடங்களும் அடர்ந்த இடத்தில் வயர்லெஸ் கருவிகள் சரிவர வேலை செய்யவில்லை. நிலைமை அறிய நேரில் போன டிவிஷன் தளபதி ராய் அர்க்ஹார்ட், வாசலில் ஜெர்மானியப் பீரங்கி வண்டி நிற்க, ஒரு வீட்டுப் பரணில் இரவெல்லாம் சிக்கிக் கிடந்தார். அவருடைய படைக்கு அந்த நேரத்தில் தலைவரே இல்லை.

டாங்கிப் படையும் தாமதித்தது. வழியிலிருந்த சோன் பாலத்தை ஜெர்மானியர் தகர்த்ததால் மாற்றுப் பாலம் கட்ட 19ஆம் தேதி காலை ஆகிவிட்டது. நைமேகனில் 20ஆம் தேதி பட்டப்பகலில், அமெரிக்க வீரர்கள் கித்தான் படகுகளில் வால் நதியைக் கடந்தனர். துடுப்பு போதாமல் துப்பாக்கிக் கட்டையாலும் துழாவினார்கள். பலர் நடு ஆற்றிலேயே மாண்டனர். நைமேகன் பாலம் கைக்கு வந்தும், டாங்கிகள் அன்றிரவு ஆர்னெமுக்குப் புறப்படவில்லை. மறுநாள் காலை ஃபிராஸ்டின் ஆட்களின் எதிர்ப்பு ஓய்ந்தது. எரியும் வீடுகளின் நிலவறைகளில் கிடந்த காயமுற்றோரை முந்தைய இரவே ஜெர்மானியரிடம் ஒப்படைக்க நேர்ந்திருந்தது.

டிவிஷனில் எஞ்சியவர்கள் அருகிலிருந்த ஊஸ்டர்பீக்கில் முற்றுகைக்குள்ளாகி, 25ஆம் தேதி இரவு ஆற்றைக் கடந்து பின்வாங்கினர். வடகரையில் போரிட்ட சுமார் 10,000 பேரில் திரும்பியவர்கள் ஏறக்குறைய 2,400 பேர். திட்டத்தை முன்பே கேள்வி கேட்ட போலந்து பிரிகேட் தளபதி சொசபோவ்ஸ்கி மீது மேலிடம் பழிசுமத்தி, பதவியைப் பறித்தது. நெதர்லாந்து அரசு 2006இல்தான், அவர் இறந்து பல்லாண்டுகளுக்குப் பின், வீரப்பதக்கம் அளித்தது. இந்தத் தாக்குதலின்போது நேச நாடுகளுக்கு உதவ வேலைநிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளர்களுக்குப் பதிலடியாக ஜெர்மானியர் உணவு வரத்தை முடக்கினர். அந்தக் குளிர்காலப் பஞ்சத்தில் சுமார் 20,000 டச்சு மக்கள் இறந்தனர்.