நோயச்சமும் அதன் உடற்குறிகளும்

உழைத்து உண்பவர்க்கு உடலே முதல். நூலும் பாவும் சங்கத்தில் கிடைக்கும். விதையும் உரமும் கடனாய்ப் பெறலாம். கையும் காலும் கண்ணும் எவரிடத்தும் கடன் வாங்கக் கூடியன அல்ல. ஆதலின் நெசவாளரும் விவசாயியும் தம் உடல் நலத்தில் கருத்தாய் இருப்பது இயல்பே. ஆயினும் அக்கருத்து அளவு கடந்து, இல்லாத நோயை இருப்பதாக எண்ணி இராப்பகலாய் அஞ்சும் நிலையை எய்துமாயின், அவ்வச்சமே ஒரு நோயாகி விடுகின்றது. அது குடும்பத்தின் நிம்மதியையும் வருவாயையும் ஒருங்கே அரிக்க வல்லது. அதன் இயல்பையும் அதனின்று மீளும் வழிகளையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். நோயச்சம் உடையோர் நடிப்பவர் அல்லர், சோம்பேறிகளும் அல்லர். “உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை” என்று அவர்களை எள்ளி நகையாடுவது தவறு. அவர்கள் உணரும் படபடப்பு மெய், வலி மெய், கிறுகிறுப்பும் மெய். அவற்றிற்கு அவர்கள் கற்பிக்கும் காரணம் மட்டுமே பிழையானது. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் பாதி வழி கடந்தவர் ஆவோம்.

அச்சம் உடலில் செய்யும் வேலை

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல இரண்டு சிறு சுரப்பிகள் உள்ளன. ஆபத்து நேர்ந்ததென்று மூளை கருதிய மாத்திரத்தில் அவை அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியில் கலக்கின்றன. வரப்பில் நடப்பவன் காலருகே பாம்பைக் காண்கிறான் என்று கொள்வோம். அவனது இதயம் விரைந்து துடித்துத் தசைகளுக்கு மிகுதியான குருதியை அனுப்புகிறது, மூச்சு வேகம் கொள்கிறது, வியர்வை அரும்புகிறது, செரிமானம் தடைப்படுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கினார்.

பாம்பு அகன்றால் சற்று நேரத்தில் உடல் அடங்கிவிடும். ஆனால், “எனக்கு மாரடைப்பு வந்துவிடுமோ” என்னும் எண்ணத்தினின்று எங்கே ஓடித் தப்புவது? எண்ணம் எழுந்ததும் நெஞ்சு படபடக்கிறது. படபடப்பைக் கண்டு அச்சம் பெருகுகிறது. பெருகிய அச்சம் படபடப்பை மேலும் பெருக்குகிறது. செக்கைச் சுற்றும் மாட்டைப் போல, புறப்பட்ட இடத்திற்கே மீண்டும் மீண்டும் வந்து சேர்கிறோம்.

மூச்சின் கதையும் இதுவே. தேவைக்கு மேல் விரைந்து மூச்சு விடுகையில் குருதியிலுள்ள கரியமில வாயு மிகுதியாக வெளியேறி விடுகிறது. அதனால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனிகளும் உதடும் மதமதக்கும், நெஞ்சு இறுகும், மூச்சு போதவில்லை என்றே தோன்றும். போதவில்லை என்று மேலும் இழுக்க இழுக்கக் குறிகள் வலுக்கும். தோள் தசையின் இறுக்கம் தலைவலியாகும். தொண்டை இறுகினால் உருண்டை ஒன்று அடைத்தாற் போலிருக்கும். குடல் கலங்கினால் அடிக்கடி வெளிக்குப் போக நேரிடும். எனினும் கடும் பீதி பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டிப் பின் தணியத் தொடங்குவதே வழக்கம்.

கவனம் என்பதும் இங்கே பெரும் பங்கு வகிக்கிறது. ஆயிரக்கணக்கான இழைகளுள் ஒன்று அறுந்தாலும் நெசவாளர் கண்டுகொள்கிறார். பிறர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. பழகிய கவனத்தின் ஆற்றல் அத்தகையது. அக்கவனத்தையே தம் நெஞ்சின் மேல் வைத்தவர்க்கு, இதயம் ஒரு துடிப்புத் தப்பித் துடிப்பதும் பெருஞ்செய்தியாகி விடும். நல்ல உடல்நலம் உடையோர்க்கும் அவ்வாறு அவ்வப்போது தப்பித் துடிப்பது உண்டு. கவனியாதவர் அதனை அறிவதில்லை, அவ்வளவே.

அச்சத்திற்கு இடும் தீனி

நாம் தணிக்கைக்குச் சென்றுவரும் சங்கம் ஒன்றில், அடுத்த தறிக்காரர் மாரடைப்பால் மாண்டதைக் கண்ட அங்கத்தினர் ஒருவருக்கு அன்று முதல் நெஞ்சு படபடக்கத் தொடங்கிற்று. ஓராண்டிற்குள் மூன்று ஊர்களில் மூன்று முறை இதயப் பரிசோதனை செய்துகொண்டார். மூன்றிலும் குறையேதும் இல்லை. ஒவ்வொரு முறையும் சில நாட்கள் தெம்பாக இருப்பார். பின்னர், “அந்தக் கருவியில் ஏதேனும் தவறியிருக்குமோ” என்னும் ஐயம் எழும். மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று. தறி பாதி நாட்கள் ஓடவில்லை.

இறுதியில் அரசு மருத்துவர் ஒருவர் அவரை நன்கு பரிசோதித்த பின், நாற்காலியில் அமர்த்தி ஒரு நிமிடம் விரைந்து மூச்சு விடச் செய்தார். விரல் மதமதத்தது, தலை சுற்றிற்று, நெஞ்சு இறுகிற்று. “உங்களுக்கு வருவது இதுதானா, பாருங்கள்” என்று மருத்துவர் வினவ, “இதேதான் ஐயா” என்று அவர் வியந்தார். மெல்ல மூச்சு விடச் சொன்னதும் அக்குறிகள் விலகின. பயம் இன்றும் எப்போதாவது எட்டிப் பார்ப்பதுண்டு. ஆயினும் அவர் தறியை விட்டு எழுவதில்லை. நகை மட்டும் இன்னும் மீட்கப்படவில்லை.

மீண்டும் மீண்டும் ஆறுதல் தேடுவது, கந்துவட்டிக் கடனை அடைக்க மற்றொரு கந்துவட்டிக் கடன் வாங்குவது போன்றதாகும். அன்றைய நெருக்கடி தீரும், அசல் குறையாது, வட்டி ஏறும். நாடியைப் பன்முறை பிடித்துப் பார்த்தல், கட்டி உள்ளதா என்று கழுத்தைத் தடவுதல், வீட்டாரிடம் ஓயாது வினவுதல், கைப்பேசியில் நோய்க்குறிகளைத் தேடுதல் ஆகிய யாவும் இவ்வகைக் கடன்களே. ஜெரோம் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1889இல் வெளியிட்ட நகைச்சுவை நாவலில், மருத்துவ நூலைப் புரட்டும் ஒருவன் ஒரு நோய் நீங்கலாக அனைத்தும் தனக்கு இருப்பதாக முடிவு செய்கிறான். அன்று அதற்கு நூலகம் செல்ல வேண்டியிருந்தது. இன்று அந்நூல் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அன்றோ?

அச்சமென்று ஒதுக்கலாகாதவை

நிற்க. எல்லாவற்றையும் அச்சத்தின் தலையில் சுமத்துவதும் பேதைமையே. நெஞ்சை அழுத்தும் வலி இடக்கை, தோள், தாடை ஆகியவற்றிற்குப் பரவினாலோ, வியர்வையும் மூச்சுத்திணறலும் உடன் தோன்றினாலோ, முகம் ஒரு புறம் கோணிக் கை தளர்ந்து பேச்சுக் குழறினாலோ, உடனே 108 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். பூச்சிமருந்து தெளித்தவர்க்கு எச்சில் மிகச் சுரந்து, கண்ணில் நீர் வழிந்து, வாந்தியும் நடுக்கமும் கண்டால் அது நஞ்சின் வேலையாகலாம். நனைந்த ஆடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டுடன் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். பஞ்சுத் தூசியிடையே வேலை செய்வோர்க்கு வார விடுமுறை கழிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுமாயின், அதுவும் மருத்துவர் அறிய வேண்டிய குறியே. காரணமின்றி உடல் மெலிதல், சளியில் இரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் இருமல் ஆகியனவும் அவ்வாறே.

மீளும் வழி

ஆகவே முதற்படி, ஒரே மருத்துவரிடம் ஒரு முறை முழுமையாகப் பரிசோதித்துக் கொள்வதாகும். குறையில்லை என்று அவர் கூறியபின், அடுத்து எப்போது வர வேண்டும் என்பதையும், எக்குறி தோன்றினால் உடனே வர வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய குறி ஏதும் இல்லாதவரை அந்த நாள் வரும் முன் வேறு மருத்துவரை நாட வேண்டா.

படபடப்பு எழும்போது, நான்கு எண்ணும் வரை மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள்; சில நிமிடங்கள் இவ்வாறு செய்யலாம். நாடி பார்க்கத் தோன்றினால் கால் மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மறுவாரம் அதனை அரை மணியாக்குங்கள். பார்க்காமலிருந்தும் அச்சம் தானே தணிவதை அனுபவத்தில் காண்பீர்கள். அஞ்சி விட்டொழித்த நடையையும் மாடிப்படியையும் வேலையையும் சிறிது சிறிதாக மீண்டும் மேற்கொள்ளுங்கள். தேநீரும் காப்பியும் அளவோடிருக்கட்டும். புகையிலையை அறவே விடுதல் நன்று. அவை படபடப்பைத் தூண்டுவன.

வீட்டார் கடிந்து பேசவும் வேண்டா. மணிக்கொரு தரம் “ஒன்றுமில்லை” என்று உறுதி கூறவும் வேண்டா. “பயமாக இருக்கிறது என்பது தெரிகிறது, டாக்டர் சொன்ன நாளில் சேர்ந்தே போவோம், இப்போது தார் சுற்றலாம், வாருங்கள்” என்பது போன்ற சொல்லே துணை செய்யும்.

இவற்றால் தணியாது, உறக்கமும் தொழிலும் கெடுமாயின் மனநல மருத்துவரை நாடுவதே முறை. அதில் இழிவேதும் இல்லை. எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாகச் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சை இந்நோய்க்கு நல்ல பயன் அளிக்கிறது. சிலர்க்கு மருந்தும் தேவைப்படும். அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தலாகாது. 1996ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் வாயிலாக அரசு மருத்துவமனைகளில் இவ்வுதவி கிடைக்கிறது. 2022ஆம் ஆண்டு முதல் டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையும் நடைபெற்று வருகிறது. 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மருத்துவச் செலவிற்கென நகையை அடகு வைக்கும் முன்னர், அச்செலவு நோயைத் தீர்ப்பதற்கா, அச்சத்தை ஒரு வாரம் உறங்க வைப்பதற்கா என்று மருத்துவரையே கேட்டுத் தெளியுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.