வடநாட்டுத் தோட்டத்தில் நீல சால்வியா

வடநாட்டு நகரங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், மார்கழியும் தையும் வந்தால் துளசி கருகி நிற்பதைக் காண்கிறோம். டில்லி போன்ற இடங்களின் கடுங்குளிர் அதற்கு ஒவ்வாது. அதே குளிர்காலத்தில், துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி தளராது வளர்ந்து, மாசி, பங்குனியில் நீலப் பூங்கதிர்களை நீட்டுகின்றது. அதுவே நீல சால்வியா.

இதன் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த டெக்ஸாஸ் பகுதியுமாகும். ஆங்கிலத் தாவரவியலறிஞர் ஜார்ஜ் பெந்தம் 1833-இல் இதற்குச் 'சால்வியா பாரினேசியா' என்று பெயரிட்டார். இலத்தீனில் 'பாரினா' என்றால் மாவு. பூங்காம்பின்மேல் மாவு தூவினாற்போல் வெண்ணிற நுண்மயிர்கள் படர்ந்திருப்பதே காரணம். நாற்கோணத் தண்டு, எதிரெதிராக அமைந்த இலைகள், ஈருதடுகளாகப் பிரிந்த பூ ஆகிய மூன்றும் துளசியோடு இதற்குள்ள உறவைக் காட்டுவன. கூந்தலில் சூட இதற்கு மணமில்லை. ஆயினும் தேனீக்கள் இதனை நாடி வரும். பறித்து உலர்த்தினாலும் நீல நிறம் நெடுநாள் மங்காது.

இதனை வளர்ப்பதில் நம்மவர் இடறுவது பருவத்தில்தான். ஆடியில் விதைப்பது நம் ஊர் வழக்கு. வடக்கிலோ அப்போது பெருமழையும் புழுக்கமும் சேர்ந்து இளநாற்றுகளை அழுகச் செய்யும். மழை ஓய்ந்தபின், செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ விதைத்தலே முறை.

மண், மணல், மக்கிய சாண எரு மூன்றையும் சம அளவில் கலந்து தொட்டியில் நிரப்புக. விதை மிகச் சிறியது. ஆழப் புதைக்காமல், மேலே மெல்லிய மணல் தூவினால் போதும். பூவாளியால் நீர் தெளித்துவர, இரண்டு வாரத்திற்குள் பெரும்பாலும் முளைத்துவிடும். நாற்று ஒரு விரல் உயரம் வளர்ந்ததும், நல்ல வெயில் படும் இடத்தில் 1 அடி இடைவெளி விட்டு நடுக. வேரூன்றியபின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். செடி 1½ முதல் 2 அடி வரை வளரும். நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே மண் காய்ந்தபின் நீர் வார்த்தலே நன்று. வாடிய கதிர்களை வெட்டிவிட்டால் புதுக்கதிர்கள் தோன்றும்.

பெங்களூர் போன்ற மிதமான தட்பவெப்பமுள்ள ஊர்களில் இச்செடி ஓராண்டுக்கு மேலும் நிலைக்கும். வடக்கில் கோடை முற்றும்போது இது ஓய்ந்துவிடும். ஆனால், மாடத்தில் உதிர்ந்த துளசி விதைகள் வெப்பம் கண்டு முளைவிடுவதும் அக்கோடையில்தான். துளசி மாடத்தருகே ஒரு சால்வியாத் தொட்டி வைப்போமாயின், குளிர்காலத்திலும் நம் முற்றம் வெறுமையுறாது.