மலைவிளிம்பும் அருவியும்

ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் குடும்பத்தோடு எங்கே சென்று வரலாம் என்னும் கேள்வி எழும்போது, இலங்கையிலே பலருடைய மனம் மலைநாட்டையே நாடுகின்றது. தந்தையார் வண்டிக்கு ஏற்பாடு செய்வார். தாயார் கட்டுச்சோறு கட்டுவார். பாட்டியார் கம்பளிப் போர்வையை மறவாது எடுத்து வைப்பார். ஹற்றனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவை அடைந்து, அங்கிருந்து றம்பொடைப் பக்கமாக இறங்கும் பாதை இத்தகைய பிரயாணத்துக்கு மிகவும் ஏற்றது. மாணவ நேயர்களே, அப்பாதையில் உள்ள அருவிகளையும் மலைக்காட்சிகளையும் தனித்தனியே கண்டு வியப்பவர் பலர். அவை யாவும் கொத்மலை ஓயா என்னும் ஓர் ஆற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை அறிந்து பார்ப்பவர் சிலரே.

ஹற்றனைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், பள்ளத்தாக்குக்கு அப்பால் டெவன் அருவி தோன்றும். அதன் உயரம் 97 மீட்டர். அடுத்து வருவது சென் கிளேயர் அருவி. இது சுமார் 80 மீட்டர் உயரமும் 50 மீட்டர் அகலமும் உடையது. நுவரெலியாவுக்கு அப்பால், 109 மீட்டர் உயரமான றம்பொடை அருவி விழுகின்றது. டெவன் அருவியையும் றம்பொடை அருவியையும் தரும் ஓடைகள் கொத்மலை ஓயாவிலே சேர்கின்றன. சென் கிளேயர் அருவியோ அந்த ஓயாவேயாகும்.

இத்துணை அருவிகள் இங்கே நெருங்கி அமைந்தது ஏன்? இலங்கைத் தீவின் நிலம் படிக்கட்டுப் போன்றது. கரையோரச் சமவெளி முதற்படி, அதற்குமேல் இடைநிலம், உச்சியில் மலைநாடு. இப்படிகள் எவ்வாறு உண்டாயின என்பதை அறிஞர்கள் பலவாறு விளக்குவர். ஆயின், ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்கு இறங்கும் விளிம்பு பல இடங்களிற் செங்குத்தாக இருப்பதை யாவரும் காணலாம். மேலும், இம்மலைகளின் பாறை மிகப் பழையது. எங்கும் ஒரே உறுதியுடையதன்று. உறுதி குறைந்த பாறையை ஆறு விரைவில் அரித்துவிடுகின்றது. கடும்பாறையை அவ்வளவு எளிதில் வெல்ல முடிவதில்லை. அதன் மேலாக ஓடிவந்து விளிம்பிலே குதிக்கின்றது. அதுவே அருவி. விளிம்பில் ஆறு வந்து சேர்ந்தால் அருவி. மனிதன் வந்து நின்றால் காட்சிமுனை. ஹோட்டன் சமவெளியிலே 'உலக முடிவு' எனப்படும் இடத்தில் நிலம் சுமார் 870 மீட்டர் ஆழத்துக்குச் சரிந்து நிற்பதும் இத்தகைய விளிம்பொன்றிலேதான்.

அருவியின் நீர் மழையினால் வருவது. ஆனால், மழை ஓய்ந்து பல நாட்கள் சென்ற பின்னும் அருவி ஓடுகிறதே, அது எப்படி? சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியின் காடுகள் மழைநீரையும் மூடுபனியின் ஈரத்தையும் பற்றி, மண்ணுக்குள் இறக்கி, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. கொத்மலை ஓயாவின் தலைநீர் அங்கிருந்தே வருகின்றது. காடழிந்த சரிவிலோ மழைநீர் நிற்பதில்லை; மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகின்றது. மழை பெய்த மறுநாள் அருவி செந்நிறமாக விழுந்தால், எங்கோ ஒரு சரிவு தன் மண்ணை இழந்துவிட்டது என்று அறியலாம்.

கண்ணுக்கு விருந்தாகும் அதே வீழ்ச்சி மின்சக்தியையும் தரவல்லது. 1918ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, களனி கங்கைப் பக்கத்து லக்சபானையின் நீரிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று எடுத்துக் காட்டினார். அங்கு முதல் மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. கொத்மலை ஓயாவின் முறை பின்னர் வந்தது. 2012இல் நிறைவேறிய மேல் கொத்மலைத் திட்டத்தின்படி, தலவாக்கலையில் அணை கட்டி, சுமார் 13 கிலோமீட்டர் நீளமான சுரங்கத்தினூடாக நீரைக் கொண்டுசென்று 150 மெகாவாற் மின்சக்தி பெறப்படுகின்றது. சென் கிளேயர் அருவியோ அணைக்குக் கீழே உள்ளது. ஆகவே, அருவி வற்றிவிடும் என்று பலர் எதிர்த்தனர். அயலிலுள்ள வேறு ஓடைகளின் நீரையும் திருப்பும் எண்ணம் கைவிடப்பட்டது; சென் கிளேயருக்குப் பகற்பொழுதிலே ஓரளவு நீர் விடுவதென ஏற்பாடாயிற்று.

இது சரியான தீர்ப்பா? விளக்கில்லாத வீட்டிலே படிக்கும் பிள்ளைக்கு மின்சாரம் வேண்டும். அருவியை இழந்த மலைக்கோ ஈடாக எதனையும் கொடுக்க முடியாது. இரண்டையும் நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு, நாளை பொறியியலாளராகவும் ஆட்சியாளராகவும் வரப்போகும் உங்களுடையது. நிறுத்துப் பார்ப்பதற்கு முன் நேரிற் காண்பது நன்று.

காணும்போது எச்சரிக்கையும் தேவை. பாசி படிந்த பாறை கால் வழுக்கும். கீழே வெயில் எறிக்கும்போதே மேலே பெய்த மழையின் வெள்ளம் திடீரென வந்துவிடும். ஆதலின், அருவியை வீதியோரக் காட்சிமுனையில் நின்று பார்ப்பதே தக்கது.

றம்பொடையைக் கடந்து இறங்கினால், 1985இல் கட்டி முடிக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கம் தோன்றும். சுரங்கத்தில் மறைந்த நீரும் அருவியாய் விழுந்த நீரும் அங்கே மீண்டும் ஒன்றாகின்றன. பின்னர் அந்நீர் மகாவலி கங்கையோடு கலந்து, ஒரு பகுதி உலர்வலயத்து வயல்களிற் பாய, எஞ்சியது திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவை அடைகின்றது. வீடு திரும்பி விளக்கேற்றும்போதும், மறுநாள் சோற்றுக்கு அமரும்போதும், நேற்றுக் கண்ட அருவியின் நீர் அவற்றிலும் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள்.