பொத்தானை அழுத்தியும் மோட்டார் ஓடாவிடின்...

யாழ்ப்பாணத்து வளவுகளில் வீடு ஓரிடம், கிணறு ஓரிடம். துலா ஆடிய கிணற்றடியில் மின்மோட்டார் வந்தது. இப்பொழுதோ அம்மோட்டாரை வீட்டினுள் இருந்தவாறே இயக்கும் கம்பியில்லா ஆளியும் வந்துவிட்டது. பிள்ளைகள் கடல்கடந்து வாழத் தனித்திருக்கும் முதியோர், இருளில் கிணற்றடிக்குச் செல்லாமலே தண்ணீர்த்தாங்கியை நிரப்பிக்கொள்வது சிறிய நன்மையன்று. ஆயினும், பொத்தானை அழுத்தியும் மோட்டார் அசையாதபோது அந்நன்மையே தொல்லையாகிவிடுகின்றது.

இவ்வித்தை முற்றிலும் புதியதன்று. 1895ஆம் ஆண்டிலேயே ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் கண்ணுக்குப் புலனாகா அலைகளைச் சுவர் கடந்து செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். 1898இல் நிக்கொலா தெஸ்லா நியூயோர்க்கில் சிறு படகொன்றைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். நம் கையிலுள்ள பொத்தான் அவற்றின் வழித்தோன்றலே.

இவ்வமைப்பில் உறுப்புகள் மூன்று: கையிலுள்ள செலுத்தி, மோட்டாரருகே உள்ள வாங்கி, இரண்டிற்கும் இடைப்பட்ட வெளி. பிழை எதிலுள்ளது என்று அறியாமல் புதிய கருவி வாங்குவது வீண்செலவாகும்.

முதலில், செலுத்தியை வாங்கிக்கு ஓரிரு மீற்றர் அண்மையில் கொண்டுசென்று அழுத்துக. அங்கே வேலைசெய்து வீட்டினுள் செய்யாவிடின், பற்றரி தளர்ந்திருத்தல் கூடும். அன்றேல் இடையில் தடையுண்டு. செலுத்தியின் சிறு விளக்கு எரிவதை மட்டும் நம்புதல் ஆகாது. தளர்ந்த பற்றரியும் அவ்விளக்கை எரிக்கும். புதிய பற்றரி இட்டும் பயனில்லையேல், இரும்புக் கம்பி செறிந்த கொங்கிறீற்றுச் சுவர், தகரக்கூரை, நீர்நிறைந்த தாங்கி ஆகியவற்றை நோக்குக. இவை அலைகளை மறைப்பன. பெரும்பாலான இத்தகைய ஆளிகள் 433 மெகாஹேட்ஸ் அளவில் இயங்குகின்றன. அவற்றுக்கேற்ற வான்கம்பியின் நீளம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். அதனைச் சுருட்டித் தகரப்பெட்டியுள் அடைத்தல் தவறு.

அண்மையிலும் இயங்காவிடின், வாங்கியிலிருந்து 'டிக்' என்னும் ஓசை எழுகின்றதா என உற்றுக்கேளுங்கள். ஓசை எழுந்தும் மோட்டார் ஓடாவிடின், குறை மின்தொடுகையிலோ மோட்டாரிலோ இருக்கலாம். ஓசையே இல்லையெனில், வாங்கிக்கு மின்சாரம் வருகின்றதா, செலுத்தியின் குறியீடு அதில் பதிந்துள்ளதா என ஆராய்தல் வேண்டும். கடற்காற்றின் உப்பு, தொடுகைகளில் களிம்பேற்றுவதும் நம்மூரில் காணும் கேடே.

இதற்கு மாறான குறையே பெரிதும் அஞ்சத்தக்கது: நிறுத்தப் பொத்தானை அழுத்தியும் மோட்டார் நில்லாமை! தொடங்கும் கணத்தில் மோட்டார், ஓடும்போது கொள்வதைப் போலப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிறிய றிலே அதனைத் தாங்காமல், அதன் தொடுகைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். நமது சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து கிடக்கின்றது. அளவின்றி இறைத்தால் உவர் மேலெழும். ஆதலால் மோட்டாருக்குரிய வலுவான தொடுகி ஒன்றை இடையில் பொருத்துவித்தல் நலம்.

ஒன்றை மறவாதீர்கள்: வாங்கியில் பாய்வது 230 வோல்ட் மின்சாரம். பற்றரி மாற்றுவது வீட்டார் பணி. வாங்கியைத் திறப்பது மின்னியலாளர் பணி. எத்தகைய கம்பியில்லாக் கருவி அமைத்தாலும், கையால் இயக்கும் பழைய ஆளியைக் கழற்றிவிடாதீர்கள். தனித்திருக்கும் தாய்க்கு நள்ளிரவில் உதவுவது அதுவாகவும் இருக்கலாம்.