கொன்றை மரமும் தோட்டத்து வெயிலும்

திருக்கொன்றை முழு வெயிலிலேயே நிறையப் பூக்கும். நிழலிற் கொப்புகள் நெடிதாய் வளர்ந்து பூக் குறையும். ஆயினும் அதன் நிழல் மரக்கறிப் பாத்தியில் விழுந்தால் விளைவு குன்றும். ஆகவே, கமக்காரர் நடும் இடத்தை ஆராய்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதத்திற் சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும். 30 அடி உயர மரத்தின் நிழல் அப்போது நடுப்பகலில் வடக்கே ஏறக்குறைய 20 அடி நீளும். ஆனியில் தெற்கே 7 அடியளவே விழும். மார்கழி, தைப் பயிரான வெங்காயத்துக்கு வெயில் தேவை. எனவே, கொன்றையைத் தோட்டத்தின் வடபுறத்தில் நடுக. அதற்கப்பால் அயலவர் பயிரின்றி வீதியோ முற்றமோ இருத்தல் நன்று.

ஐப்பசி மழையுடன் கன்றை நடுக. முதலாண்டில் மாசி முதல் ஆவணி வரை மேற்புறத்திற் கிடுகு மறைப்பு வைத்து, பின்னர் அகற்றிவிடுக. வேரூன்றிய மரத்துக்கு மறைப்பு வேண்டியதில்லை.