வயல் உரம் கிணற்றுக்கு வரும் வழி

அமராவதி அணைப் பாசனத்தில் நெல், கரும்பு, தென்னை விளைகின்றன. வயலில் இடும் யூரியாவையும் தொழு உரத்தையும் மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பயிர் எடுத்தது போக மிஞ்சுவதைக் களிமண் பிடித்துவைக்காது. நைட்ரேட், களிமண் இரண்டுமே எதிர்மின் தன்மை கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். அதனால் மழையோடும் பாசன நீரோடும் நைட்ரேட் கீழே இறங்குகிறது.

இப்பகுதிக் கிணற்றுச் சுவர்களைக் கவனியுங்கள்: மேலே மண், அடுத்து, கையால் உதிர்க்கக்கூடிய சிதைந்த பாறை, அதன் கீழே வெடிப்போடிய கெட்டிப் பாறை. நைட்ரேட் இறங்கும் பாதை இதுதான். வெடிப்பை எட்டிவிட்டால் வேகமாகப் பரவும்.

குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். மீறினால், அந்நீரில் பால்மாவு கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கலாம். கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் நீங்காது. பயிருக்குத் தேவையான உரத்தை மட்டும், பல தவணையாகப் பிரித்து இடுவோம், கிணற்றைக் காப்போம்.