மூன்றாவது கை எங்கே கிடைக்கும்?

வலது கையில் சூடான சால்டரிங் அயர்ன். இடது கையில் ஈயக் கம்பி. சரி, சர்க்யூட் போர்டை யார் பிடித்துக் கொள்வது?

அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்யும் குட்டீஸ் எல்லாரும் திருதிருவென்று முழிக்கும் இடம் இதுதான். சிலர் தம்பியைக் கூப்பிட்டு, "டேய்... ஆடாம பிடிடா!" என்பர். அது மட்டும் கூடவே கூடாது. கொதிக்கும் தண்ணீரின் சூடு 100 டிகிரி செல்சியஸ்தான். சால்டரிங் அயர்ன் முனையோ 300 டிகிரியைத் தாண்டிச் சுடும். தம்பி பாவம் இல்லையா?

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, விட்டு விட்டு எரியும் எல்.இ.டி. விளக்கு ஒன்று செய்தேன். போர்டை மேஜை மேல் வைத்து, சுண்டு விரலால் அமுக்கிக் கொண்டே ஈயம் வைத்தேன். வழுக்கி வழுக்கி ஓடியது. எப்படியோ முடித்து, வீட்டில் போட்டால் பளிச் பளிச் என்று எரிந்தது. கண்காட்சியில் நடுவர்கள் வந்து நின்றதும், 'உம்' என்று இருந்து விட்டது. தட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். ஊஹூம்!

எங்கள் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணனிடம் கொண்டு போனேன். லென்சை கண்ணில் வைத்துப் பார்த்தவர் சிரித்தார்.

"ஈயம் இறுகுறதுக்குள்ள போர்டை ஆட்டிட்டே தம்பி. மேலே பார்த்தா ஒட்டுன மாதிரி இருக்கும். உள்ளே ஒட்டலை."

விஷயம் இதுதான். நாம் 'ஈயம்' என்று சொல்லும் கம்பியில், பெரும்பாலும் வெள்ளீயம் 60 பங்கும், காரீயம் 40 பங்கும் இருக்கும். 183 டிகிரியில் இளக ஆரம்பித்து, 190 டிகிரி வாக்கில் முழுதாக உருகி விடும். ஆறும்போது, இந்த இரண்டுக்கும் நடுவில் கூழ் போல இருக்கும். அந்த ஓரிரு நொடியில் போர்டு அசைந்தால் போச்சு! கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். நன்றாகப் பிடித்த இணைப்பு பளபளவென்று இருக்கும்; அசைந்த இணைப்பு மங்கலாக, மணல் மணலாக இருக்கும்.

அந்தக் கால ரேடியோக்களில் இந்தத் தொல்லை குறைவு. கனமான இரும்புச் சட்டத்தில் உறுப்புகளை மாட்டி, கம்பிகளால் இணைத்தனர். சட்டம் நகராது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளர், 1936ம் ஆண்டு வாக்கில், இங்கிலாந்தில் அச்சிட்ட சர்க்யூட்டை உருவாக்கினார். ரேடியோ இளைத்தது; கூடவே நமக்குப் பிடிமானமும் போயிற்று. இன்றைய போர்டின் வழக்கமான தடிமன் 1.6 மில்லி மீட்டர்தான். தபால் கார்டு மாதிரி வழுக்காமல் என்ன செய்யும்?

சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடை வீதிகளில், இதற்கென்றே பல வகைப் பிடிகள் உண்டு. அதிகம் கண்ணில் படுவது, பூதக்கண்ணாடியும் இரண்டு முதலை கிளிப்பும் வைத்த இரும்பு ஸ்டாண்டு. பார்க்க ஜோராக இருக்கும். விலையும் மற்றவற்றை விடக் குறைவு. ஆனால், எனக்கு இதன் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. அடிப்பாகம் கனமில்லாமல் இருந்தால், தொட்டதும் தலைகுப்புறக் கவிழும். திருகுகள் சீக்கிரம் தளர்ந்து, கை தொங்கிப் போகும். முதலையின் பல் செம்புக் கோடுகளைச் சுரண்டி விடும். பழைய சைக்கிள் டியூபில் சின்னத் துண்டு வெட்டி, பல் மேல் மாட்டினால் சுரண்டாது. அயர்ன் மட்டும் அதில் படக்கூடாது. இன்னொன்று... அந்தப் பூதக்கண்ணாடியை வெயில் படும் ஜன்னல் ஓரம் வைத்து விடாதீர்கள். கீழே இருக்கும் காகிதம் பற்றிக் கொள்ளும்!

என் ஓட்டு, இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள தாடைகளுக்கு நடுவில் போர்டைச் செருகும் சட்டத்துக்குத்தான். போர்டின் அளவுக்கு ஏற்ப நகர்த்தி இறுக்கலாம். சிலவற்றில் அப்படியே தலைகீழாகத் திருப்பவும் முடியும். கடைக்குப் போகும்போது பழைய போர்டு ஒன்றை எடுத்துப் போங்கள். மாட்டி விட்டு, ஒரு விரலால் ஓரத்தில் அழுத்துங்கள். ஆடினால், "வேண்டாம் அண்ணே" என்று சொல்லி விடலாம். எத்தனை கை, எத்தனை விளக்கு என்று எண்ணாதீர்கள். ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

'பாக்கெட் மணி அவ்வளவு இல்லையே' என்கிறீர்களா? அன்று எனக்கும் இல்லை. ரிப்பேர் கடை அண்ணன், மேஜையிலிருந்து பழைய கட்டிங் பிளேயரை எடுத்தார். அதன் கைப்பிடிகளைச் சேர்த்து ரப்பர் பேண்டை நாலு சுற்று சுற்றினார். வாய் தானாக இறுக மூடிக் கொண்டது! போர்டின் ஓரத்தை அதில் கவ்வ வைத்து, பிளேயரை மேஜையில் படுக்க வைத்தார். போர்டு நட்டுக்குத்தாக நின்றது. முன்பக்கமும் தெரிந்தது, பின்பக்கமும் தெரிந்தது. செலவு? ஒரு ரப்பர் பேண்டு.

சின்ன போர்டுக்கு இதுவே போதும். பெரிய போர்டு என்றால், பிளேயரையே சாய்த்து விடும். அப்போது கனமான மரக்கட்டை ஒன்றில், போர்டு செருகும் அளவுக்கு ரம்பத்தால் ஒரு கீறல் போட்டுத் தரும்படி தச்சு வேலை செய்பவரிடம் கேட்கலாம். பிளாஸ்டிக் துணி கிளிப் வேண்டாம். அயர்ன் பட்டால் உருகி விடும்.

அப்பாவோ, ஆசிரியரோ பக்கத்தில் இருக்கும்போதுதான் இந்த வேலையைத் தொட வேண்டும். முதலில் பேட்டரியைக் கழற்றி விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். மேலே எழும் புகை ஈயத்தின் புகை அல்ல. கம்பிக்குள் இருக்கும் குங்கிலியம் போன்ற பிசினின் புகை. மூச்சில் போனால் தொண்டை கரகரக்கும், இருமல் வரும். காரீயம் இல்லாத கம்பியும் கிடைக்கிறது. அது உருகக் கூடுதல் சூடு வேண்டும். ஆனால், பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. காரீயம் விரலில் ஒட்டி, வாய் வழியே உடம்புக்குள் போனால் கெடுதல்.

அதனால், அம்மா தட்டு நிறைய முறுக்கு வைத்துக் கூப்பிட்டாலும், முதலில் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு ஓடுங்கள்!